வழிக்கடன்

பிரயாணம் மனிதனைப் பண்படுத்தும் என்று பாடப்புத்தகங்களும் மேடைப் பேச்சுகளும் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. ஆனால், தேசம் தேசமாகச் சுற்றி வந்து, கண்ட கோபுரங்களையும் கடந்த கடல்களையும் ஒன்று விடாமல் ஒப்புவிக்கத் தெரிந்தும் அயல்வீட்டானுடைய சுகதுக்கத்தை ஒரு வார்த்தை விசாரிக்கத் தெரியாத பெரியவர்களையும், பிறந்த கிராமத்தின் எல்லைக் குளத்தைத் தாண்டியறியாதிருந்தும் வந்தவனுடைய முகத்தைப் பார்த்தே அவன் பசியை அறியும் விவேகம் வாய்த்த கிழவிகளையும் ஒருங்கே கண்டுவிட்ட எனக்கு, அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள மனம் இசைவதில்லை. தூரம் போவதால் மட்டும் ஞானம் சித்திக்குமானால் எங்கள் லொறிச் சாரதிகள் எல்லாரும் இதற்குள் ரிஷிகளாகியிருக்க வேண்டும். ஆகவே, பிரயாணத்தில் உள்ளபடி கற்பிப்பது எது என்று கேட்பதே உசிதமென்று தோன்றுகிறது.

வன்னியில் பிறந்தவனுக்கு இக்கேள்வியைக் கேட்க ஒரு விசேஷ உரிமை உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தென்னிலங்கைக்கும் இடையே விரிந்து கிடக்கும் இந்தப் பெருநிலம், பல தலைமுறைப் பிரயாணிகளுக்குக் கடந்து போகும் காடாகவே இருந்து வந்தது. இதையே போய்ச் சேரும் இடமாகக் கொண்டு புறப்பட்டவர் சிலரே. வவுனியாவைத் தாண்டினால் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று வரிசையாக வரும் ஊர்கள், கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு ரயில் ஜன்னலில் அரைத் தூக்கத்தில் காதில் விழுந்த பெயர்கள். பாலையும் முதிரையும் வீரையும் நெருங்கி வளர்ந்த அந்த இருட்டுக்குள் விளக்கேற்றி வைத்துக்கொண்டு ஜனங்கள் குடியிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தோன்றியிராது. இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்தில், கண்டி வீதியோரத்து வீடொன்றில் பிறந்த நானோ, போகிறவர்களையும் வருகிறவர்களையும் படலைக்குள்ளிருந்து பார்த்தே பிரயாணத்தின் அரிச்சுவடியைப் படித்தேன்.

அந்த வீதி எங்கள் காலத்துக்கு முன்பே பல பேரைச் சோதித்தது. 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலங்கைச் சிவில் சேவையில் புதிதாகச் சேர்ந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட லெனார்ட் வூல்ஃப் என்ற ஆங்கில இளைஞர் இந்தக் காட்டைக் கடந்தே வடக்கே சென்றார். தெற்கிலிருந்து வந்த ரயில் அப்போது அனுராதபுரத்தோடு நின்றது. மீண்டும் ரயிலைக் காண ஆனையிறவுக்கு வர வேண்டும். இடைப்பட்ட காட்டைக் கடத்தி வைத்தது தபால் வண்டி. வண்டியின் பெயர் கம்பீரமானதாயினும், அது வெறும் மாட்டு வண்டியென்றும், தபால் மூட்டைகளை அடியில் கிடத்தி அவற்றின்மேல் பிரயாணிகள் படுத்துக்கொண்டார்களென்றும் பிற்காலத்தில் அவர் தம் சுயசரிதையில் எழுதினார். வோல்டேரின் நூல்களை 90 தொகுதிகளாக இலங்கைக்குக் கொண்டுவந்திருந்த அந்தக் கல்விமான், காட்டு வழியில் எழுத்தறியாத வண்டிக்காரனுடைய கண்ணையும் மாட்டினுடைய காலையும் நம்பிக் கிடக்க வேண்டியிருந்தது. தன்னால் ஆகாத ஒன்று தனக்காகப் பிறர் கையால் நடந்துகொண்டிருக்கிறது என்று மனிதன் உணரும் அந்தக் கணத்திலேதான் பிரயாணம் தன் பாடத்தைத் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். வழியில் பிறரிடம் நாம் படுகிற கடனே அந்தப் பாடம். கடன்படாத பிரயாணி கற்பதும் இல்லை.

அதே 1905இல் பாதை இணைந்து ரயில் வன்னியை ஊடறுத்து ஓடத் தொடங்கியது. 1956இல் யாழ்தேவி என்ற கடுகதி ரயில் வந்தது. 1990இல் யுத்தத்தால் வவுனியாவுக்கு வடக்கே ஓட்டம் நின்று, தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிப் போன பிறகு, இந்தியாவின் உதவியோடு பாதை மீண்டும் போடப்பட்டு, 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் ரயில் யாழ்ப்பாணத்தை எட்டியது. அன்று பாதையோரம் நின்று கையசைத்த கிழவர்களை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது. வசதியைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும், குளிரூட்டிய இரவு பஸ்ஸில் திரையை இழுத்து மூடி, படம் பார்த்துக்கொண்டோ உறங்கிக்கொண்டோ வன்னியைக் கடந்துவிடும் இன்றைய பிரயாணி, வழியில் ஒருவரிடமும் தண்ணீர் கேட்பதில்லை, பாதை விசாரிப்பதில்லை, நிழலில் ஒதுங்குவதில்லை. பயணச் சீட்டின் விலையோடு அவன் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. யாருக்கும் எதுவும் பாக்கியில்லாமல் போய்ச் சேருகிறவன், புறப்பட்ட மனிதனாகவே போய்ச் சேருகிறான்.

அந்த அவசரத்தையும் ஓரிடம் இன்றளவும் தடுத்து நிறுத்துகிறது. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகத் துணியும் சாரதி அரிது. தமிழரோ சிங்களவரோ, பஸ்ஸோ லொறியோ, வாகனத்தை ஓரங்கட்டி, ஒரு தேங்காயை உடைத்து, கற்பூரம் கொளுத்தி, உண்டியலில் சில்லறை போட்டுவிட்டே மேற்செல்கிறார்கள். சிதறிய தேங்காய்ச் சில்லுக்குக் குரங்குகள் பாய, வறுத்த கச்சான் மணம் காற்றில் பரவ, கடைக்காரப் பெண்கள் கடதாசிச் சுருளை நீட்டி, "முறிகண்டிக் கச்சான், சூடாயிருக்கு, வாங்கிக்கொண்டு போங்கோ" என்று அழைப்பார்கள். வழி முழுவதும் பக்கத்து ஆசனத்தில் இருந்தவரோடு ஒரு வார்த்தை பேசாதவர், அங்கே இறங்கிக் காலை நிமிர்த்திக்கொண்டு, கச்சான் கோதை உடைத்தபடி, "நீங்கள் எவடம்?" என்று கேட்பதைப் பல தடவை கவனித்திருக்கிறேன். காட்டானையும் இருட்டும் நிறைந்த பாதையில் முன்னாளில் பயத்தினால் பிறந்த வழக்கமாயிருக்கலாம். எனினும், மனிதன் தன் வலிமையால் மட்டும் வழியைக் கடப்பதில்லை என்று ஒப்புக்கொள்ளும் ஓர் ஆசாரமாக அது இன்று நிலைத்திருக்கிறது.

இந்த உண்மையை இன்னும் ஆழமாகச் சொல்லும் கதையொன்றை முல்லைத்தீவு ஜனங்கள் பரம்பரையாகப் போற்றி வருகிறார்கள். மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாளாய்க் கடல் கடந்து ஈழத்துக்கு வந்து, பல இடங்களில் தங்கித் தங்கி நடந்து, கடைசியில் நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில், மேய்ச்சலுக்கு வந்த இடைச் சிறுவர் முன்னே ஒரு கிழவியாகத் தோன்றினாளாம். பசிக்கிறது, தங்க இடமில்லை என்றாளாம். பிள்ளைகள் வேப்பங்குழையால் பந்தலிட்டு, இருந்ததைப் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டதும் விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்று அவர்கள் வருந்த, கடல் நீரை மொண்டு ஊற்றச் சொன்னாள், திரி எரிந்தது. தலையைப் பார்த்துவிடும்படி கேட்டாள். பார்த்தவர்கள் ஆயிரம் கண்களைக் கண்டு திகைத்து நின்றபோது அவளைக் காணவில்லை. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் உப்புநீரில் விளக்கெரித்த பின்னரே வற்றாப்பளைப் பொங்கல் நடைபெறுகிறது. அரசனை வீழ்த்தி நகரத்தை எரித்த வல்லமையை, ஒரு கவளம் கேட்டு நிற்கும் வழிப்போக்கியாக எங்கள் முன்னோர் கற்பித்ததையும், கொடுத்த கைகள் விளக்கெண்ணெய்க்கும் வழியற்ற சிறுவர் கைகளாயிருந்ததையும் சேர்த்துச் சிந்தித்தால், உபசாரம் செல்வத்தின் உபரியென்று எண்ணுவது எவ்வளவு பேதைமை என்பது விளங்கும்.

அம்மம்மாவின் வீடு முள்ளியவளையில் இருந்தது. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை வழியாகக் கீழ்க்கரையோரமாக நடந்து, கடைசியில் குமண, யால காடுகளைக் கடந்து ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் சேரும் பாதயாத்திரிகர்கள் அந்தப் பக்கமாக வருவார்கள். காவி வேட்டியும் கைத்தடியும் தோளில் ஒரு துணிப்பையுமாக அவர்கள் முற்றத்துக்கு வந்தால், அம்மம்மா முதலில் செம்பில் தண்ணீர் கொடுப்பாள், பிறகே பேச்சு. சோறும் பூசணிக்காய்க் கறியும் மோரும் வாழையிலையில் இட்டு அவர்களை இருத்திவிட்டு, சற்றுத் தள்ளி நின்று, யாருடைய இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு முறை, கைகழுவிவிட்டு வந்த நடுவயதுக்காரர் ஒருவர் வேலியோரத்து மரக்குற்றியைக் காட்டி, "ஆச்சி, கோடாலி இருந்தால் தாங்கோ, விறகு கொத்திப் போட்டிட்டுப் போறன்" என்றார். அம்மம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கதிர்காமம் மட்டும் நடக்கிற கால் சாமி அது. கோடாலியைத் தூக்கி என்ன செய்யப் போறியள்? இருந்து ஆறிப்போட்டுப் போங்கோ." அந்த மனிதர் திண்ணையில் அமர்ந்துகொண்டார், ஆனால், அமர்ந்த விதத்தில் ஒரு சங்கடம் இருந்தது. பெற்றதற்கு ஈடு செய்ய முடியாத நிலை எத்தகையது என்பதை அவருடைய முகத்திலேதான் நான் முதலில் கண்டேன்.

யாத்திரிகர்கள் திரும்பும்போது அந்த வழியாக நடந்து வருவதில்லை. பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி வீடு போய்விடுவார்கள். ஆகையால் அம்மம்மாவின் சோற்றை உண்டவர்களுள் ஒருவரையேனும் அவள் மறுமுறை கண்டதாக நினைவில்லை. வழியில் படுகிற கடனுக்கும் ஊரில் படுகிற கடனுக்கும் உள்ள பேதம் இதுவே. ஊரில் வாங்கிய அரிசியை அறுவடைக்குப் பின் அளந்து கொடுத்துக் கணக்கைத் தீர்க்கலாம். வழியில் தந்தவளோ பின்னால் தங்கிவிடுகிறாள். பெற்றவன் முன்னால் போய்விடுகிறான். தந்தவளிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லாத கடனை, இனி எதிர்ப்படப் போகும் யாரோ ஒருவருக்குக் கொடுத்தல்லவா தீர்க்க வேண்டும்? ஒரு குளம் நிரம்பியதும் கலிங்கு வழியே வழிந்து அடுத்த குளத்தை நிரப்பும் எங்கள் பழைய நீர்ப்பாசனத்தைப் போல, அந்தக் கடன் ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றத்துக்கு முன்னோக்கியே ஓடுகிறது.

இதன் கடினமான பாதியைக் காலம் எனக்கு 1996இல் கற்பித்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் யுத்தத்தால் இரவோடிரவாகப் பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றதும், மறு ஆண்டு சித்திரையில் அங்கிருந்தும் பெருந்தொகையானோர் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்கு வந்ததும் பலரும் அறிந்த சரித்திரம். முன்னால் ஒரு படகு இயந்திரத்தில் இழுக்க, பின்னால் கயிற்றில் கோத்த படகுகளில், குறுக்கே கிடத்திய சைக்கிள்களுக்கும் சமையல் பாத்திரங்களுக்கும் நடுவே ஒடுங்கியிருந்து வந்த அக்குடும்பங்களுட் சில எங்கள் வளவில் தங்கின. அப்பா பனையோலை வாங்கிக் கொட்டில் போட்டுக் கொடுத்தார். மாலையில் கதிரையில் சாய்ந்துகொண்டு அவர்களுக்கு வன்னியின் மழையையும் பாம்பையும் பற்றி அறிவுரை சொல்வார். கொடுக்கிறவனுக்கே உரிய ஒரு நிமிர்வு அப்போது அவரிடம் இருந்தது.

அதே ஆண்டு ஆடியில் கிளிநொச்சியை நோக்கி யுத்தம் வந்தது. விருந்தினரும் வீட்டாருமாகச் சேர்ந்தே புறப்பட்டு, ரக்டர் பெட்டியில் ஏற்றியதை ஏற்றிக்கொண்டு, அக்கராயன் வழியாக ஸ்கந்தபுரத்துக்குப் போனோம். முன்பின் அறியாத ஓர் அம்மா தன் மாட்டுக் கொட்டிலைக் கூட்டிப் புதுமண் பரவி, நடுவே சேலையொன்றைத் திரையாகக் கட்டி, "மாடு கட்டுற இடமெண்டு குறை நினையாதேங்கோ" என்றார். அன்றிரவு உலை கொதித்தபோது உப்பில்லை. சில மாதங்களுக்கு முன் பல குடும்பங்களுக்குக் கொட்டில் போட்டுக் கொடுத்த அப்பாவால் எழுந்து போய் ஒரு பிடி உப்புக் கேட்க முடியவில்லை. தலை குனிந்து, அணைந்த சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னை அனுப்பினாள். அந்த அம்மா சிரட்டையில் உப்பை இட்டு, கேட்காமலே அதன் மேல் நாலு செத்தல் மிளகாயையும் வைத்து, "கறிக்குத் தேங்காய் இருக்கோ மோனை?" என்று கேட்டார். கொடுக்கும்போது மனிதன் தன்னைப் பற்றி எதையும் புதிதாக அறிந்துகொள்வதில்லை. வாங்கும்போது, தான் இதுகாறும் தன் பலமென்று எண்ணியிருந்தவற்றுள் எத்தனை வெறும் இருப்பிடத்தின் பலம், வளவின் பலம், கிணற்றின் பலம் என்பது துலங்கிவிடுகிறது. அப்பா அந்த அம்மாவோடு தலை நிமிர்ந்து பேசச் சில வாரங்கள் சென்றன. பேசத் தொடங்கிய பிறகு அவர் முன்னிலும் மென்மையான மனிதராயிருந்தார். யாருக்கும் அறிவுரை சொல்வதை விட்டுவிட்டார்.

ஆனால், துன்பமே ஆசான் என்று இதிலிருந்து யாரேனும் முடிவு கட்டினால் நான் சம்மதியேன். யுத்தத்தின் இறுதிக் கட்டமான 2009இன் முதல் மாதங்களில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி வழியே, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஜனங்கள் தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டுப் போய், எஞ்சியவர்கள் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து செட்டிகுளத்து முகாம்களுக்குள் புகுந்த அந்த வழியை நானும் நடந்தேன். அதிலிருந்து ஒரு பாடத்தைப் பொறுக்கியெடுத்து இங்கே அலங்காரமாக வைக்க எனக்கு மனமில்லை. தரித்து நிற்க ஓரிடமும் திரும்பி வர ஓரிடமும் உள்ள வழியே மனிதனுக்குக் கற்பிக்கும். இரண்டும் அற்ற வழி எடுத்துக்கொள்ள மட்டுமே அறியும். அங்கேயும் தன் பிள்ளைக்கு வைத்த கஞ்சியில் பாதியை அடுத்த பதுங்குகுழிக்கு அனுப்பிய தாய்மார் இருந்தார்கள் என்பது மெய். அந்த வழி அவர்களுக்கு அதைக் கற்பிக்கவில்லை. அதற்கு முன்பே, சமாதானமான முற்றங்களில் அவர்கள் அதைக் கற்றிருந்தார்கள்.

தண்ணீரும் நிழலும் வைக்கப்படாத வழி எவ்வளவு கொடியது என்பதற்கு வன்னியின் மேற்கெல்லையிலேயே பழைய சாட்சி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காட்டினூடே மாத்தளை வரை நடந்தார்கள். தாகத்தாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். கிணறுகளும் தங்குமிடங்களும் பின்னரே வந்தன. அம்மக்களின் சந்ததியார் வாழும் தேயிலை மலைக்கு ஒரு முறை போயிருந்தபோது, அட்டன் பக்கத்தில் பஸ் பழுதாகி, மழைக்கு ஒரு லயத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். உள்ளேயிருந்து வந்த முதியவர், "எந்தப் பக்கம் தம்பி?" என்று விசாரித்துவிட்டு, "கிளிநொச்சியா? எங்க சொந்தக்காரங்க எழுபத்தேழு கலவரத்துல அங்கதான் போனாங்க. உள்ள வாங்க, நனையாதீங்க" என்று அழைத்து, சாயமேறிய தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நாட்டின் முதல்தரக் கொழுந்தைக் கிள்ளும் அவ்வீட்டில் காய்ச்சியது தூள்தூளான கடைசித் தரம் என்பதை அறிந்தே குடித்தேன். முன்னோர் நடந்த வழியில் ஒருவரும் தண்ணீர் வைக்காதிருக்க, அவர்களின் பேரன் வழிப்போக்கனுக்குத் தன் வாசலைத் திறந்தார் என்றால், கடன் முன்னோக்கி ஓடுவதற்குப் பழைய வரவுகூட அவசியமில்லை போலும். தாகம் என்னவென்று அறிந்திருந்தால் போதும்.

இக்காலத்தில் வன்னிக்கு வெளிநாடுகளிலிருந்து நம்மவர் விடுமுறைக்கு வருகிறார்கள். போத்தல் தண்ணீரும் வாடகை வானும் திட்டமிட்ட நேர அட்டவணையுமாக வரும் அவர்களை நான் குறை கூறேன்; பிள்ளைகளின் வயிற்றுக்குக் கிணற்று நீர் ஒத்துக்கொள்ளாதென்ற பயம் நியாயமானதே. ஆயினும் அவர்களுள், இரணைமடு அணைக்கட்டில் நின்று படமெடுத்துக்கொண்டு போனவர்களையும், அணைக்கட்டின் கீழே வயல் காவல் கொட்டிலுக்குள் ஒதுங்கி, வயற்காரன் சிரட்டையில் நீட்டிய வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டித் துண்டோடு வாங்கிக் குடித்துவிட்டுப் போனவர்களையும் பிரித்தறிய முடிகிறது. முன்னவர் வன்னியைக் கண்டார்கள். பின்னவருக்கு வன்னியில் ஒரு பாக்கி இருக்கிறது; அந்தப் பாக்கியை அவர்கள் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ, மொழி தெரியாமல் ரயில் நிலையத்தில் திகைத்து நிற்கும் எந்த அந்நியனுக்கேனும் செலுத்தக் கூடும்.

ஆகவே, பிரயாணம் புறப்படும் இளைஞர் என்னிடம் யோசனை கேட்டால், நான் இடங்களின் பட்டியலைக் கொடுப்பதில்லை. தேவையில்லாவிட்டாலும் வழி கேள்; அழைத்தால் ஏறிப் போ; கொடுத்ததைக் கூச்சமின்றி வாங்கிக்கொள்; காசை நீட்டி அந்தக் கொடையைக் கடைச்சரக்காக்கிவிடாதே; பிறகு வீட்டுக்குத் திரும்பி வந்து, வாங்கியதை மறவாதே என்பேன். பிரயாணத்தால் பண்பட்டவர் யார் என்பதை அவர்கள் சொல்லும் கதைகளைக் கொண்டு நிர்ணயிக்க முடியாது. வேற்றூரில் பெற்ற ஒரு செம்புத் தண்ணீருக்கு ஈடாகத் தன்னூரில் இன்னொருவனுக்கு ஒரு செம்பு எடுத்து வைக்கிறவனே போய் வந்தவன். மற்றவர்கள் எவ்வளவு தூரம் சென்றிருந்தாலும் இன்னும் புறப்படாதவர்களே.